உள்ளத்துக்கு விடுதலை, உடலுக்கு விலங்கா?

கையெழுத்திலே ஒரு கதை உண்டு, கேளுங்கள்.

1517-ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள். ஜெர்மன் நாட்டு விட்டன்பர்க் நகரிலே, துறவியொருவர் தம் நண்பருக்கு மடல் தீட்டுகிறார். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைச் சாடி 95 கருத்துரைகளை அவர் வெளியிட்டு 11 நாட்களே ஆகியிருந்தன. மடலின் அடியிலே தம் பெயரை 'எலுத்தேரியுஸ்' என்று பொறிக்கிறார். கிரேக்கச் சொல் அது. விடுதலை பெற்றவன் என்பது பொருள். பொறித்த எழுதுகோல் அத்துடன் நிற்கவில்லை. இல்லை, அடிமையே நான், பெரிதும் சிறைப்பட்டவன் என்று பொருள்படும் சொற்களையும் அடுத்தாற்போல் சேர்த்துவிட்டது!

விடுதலை பெற்றவன் என்று நிமிர்ந்தார். அடுத்த நொடியே அடிமை என்று குனிந்தார். நிமிர்ந்ததும் குனிந்ததும் ஒரே வரியிலே! அந்தத் துறவிதான் மார்ட்டின் லூதர்.

அடிமை என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஒருவன், அதே மூச்சில் தன்னை விடுதலை பெற்றவன் என்றும் கூறிக்கொள்ள முடியுமா? விந்தை, வேடிக்கை, வெறும் சொற்சிலம்பம் என்று ஏளனம் பேசி ஏட்டை மூடிவிடலாம். மூடுவது எளிது, ஆனால் அது திறனாய்வாகாது. ஏனெனில், அந்த ஒரு வரியிலே அடங்கிய முரண்பாடு, ஐரோப்பாவின் அரியணைகளை அசைத்தது. ஆயிரமாயிரம் உழவரைக் களத்திலே சாய்த்தது. கடல் கடந்த தீவுகளிலே கரும்புத் தோட்டத்து அடிமைகளின் கையிலே ஒரு காலத்தில் தளையாகவும், பிறிதொரு காலத்தில் தளையறுக்கும் அரமாகவும் விளங்கியது. அப்படிப்பட்ட கருத்தை நகைத்துத் தள்ளுவது அறிவுடைமையாகாது. எடுத்து ஆராய வேண்டும். எடை போட வேண்டும்.

அந்தக் கருத்துக்குத் தலைசிறந்த இலக்கிய வடிவம் தந்த ஏடு ஒன்றுண்டு. அதனையே இங்கு ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

கற்றோர்க்கும் மற்றோர்க்கும்

1520. லூதரின் வாழ்விலே புயல் வீசிய ஆண்டு. ஜூன் 15-ஆம் நாள் போப்பாண்டவர் பத்தாம் லியோ, அவருடைய கருத்துகளைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். பணியாவிட்டால் சபைநீக்கம் என்று மிரட்டியது ஆணை. பணிந்தாரா? டிசம்பர் 10-ஆம் நாள், விட்டன்பர்க் நகர வாயிலுக்கு வெளியே நெருப்பு மூட்டி, ஆணையையே அதிலே போட்டுப் பொசுக்கினார்.

ஆணைக்கும் நெருப்புக்கும் இடைப்பட்ட ஆறு திங்களுக்குள் மூன்று நூல்கள் அவர் கையிலிருந்து பிறந்தன. ஆகஸ்டிலே வந்தது, ஜெர்மன் பிரபுக்களுக்கு விடுத்த வேண்டுகோள். அக்டோபரிலே வந்தது, சபையின் சடங்குமுறைகளைத் தாக்கிய நூல். நவம்பரிலே வந்தது சின்னஞ்சிறு ஏடு ஒன்று; பெயர், 'கிறித்தவனின் விடுதலை'. கற்றோர்க்கு இலத்தீனிலும் மற்றோர்க்கு ஜெர்மன் மொழியிலும் எழுதினார். ஜெர்மன் ஏட்டிலே 30 பத்திகள்; அவ்வளவுதான்.

அந்த ஏட்டுடன் போப்பாண்டவருக்கு ஒரு மடலையும் இணைத்திருந்தார். போப்பாண்டவருக்குப் பட்டங்கள் பல. அவற்றுள் ஒன்று, கடவுளின் ஊழியர்க்கெல்லாம் ஊழியர் என்பது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலே அரியணை ஏறிய முதலாம் கிரகோரி காலந்தொட்டு வழங்கிவரும் பட்டம் அது. அணிவதோ மூன்றடுக்கு மணிமுடி, அமர்வதோ அரியணை, அழைத்துக்கொள்வதோ ஊழியர்க்கு ஊழியர்! இந்த முரண்பாட்டை லூதர் கண்டுகொள்ளாமல் விடவில்லை. உம்மை உலகத்தின் தலைவர் என்று ஏற்றிப் பேசுவோரை நம்பாதீர், உமது பட்டம் என்ன என்பதை எண்ணிப் பாரும் என்ற பொருளிலே, மடலிலேயே சுட்டிக் காட்டிவிட்டார்.

பணிவைப் பேசுகிறவன் யார், அவன் எங்கே உட்கார்ந்துகொண்டு பேசுகிறான் என்று கேட்கும் துணிவு அந்த மடலிலே இருந்தது. இதனை நினைவிலே இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ஏட்டைப் பார்ப்போம். இரண்டு கூற்றுகளை முதலிலேயே எதிரெதிராக நிறுத்துகிறார் ஆசிரியர். நம்பிக்கை கொண்டவன் எல்லாவற்றுக்கும் மேலானவன், எவனுக்கும் கட்டுப்படாதவன் என்பது ஒன்று. அதே மனிதன் எல்லோருக்கும் தொண்டன், எல்லோருக்கும் கட்டுப்பட்டவன் என்பது மற்றொன்று. மோதுகின்றனவே இரண்டும் என்று படிப்பவன் திகைக்கும்போது, முடிச்சை அவிழ்க்கத் தொடங்குகிறார். மனிதனுக்கு உள்ளும் உண்டு, புறமும் உண்டு. உள்ளே இருக்கும் மனிதனை எந்தச் சடங்கும் தூய்மையாக்காது; எந்தக் குருவும் காப்பாற்ற முடியாது. நம்பிக்கை ஒன்றே அவனைக் கடவுளோடு நேராக இணைக்கிறது. அந்த இணைப்பை ஒரு திருமணமாகவே சித்திரிக்கிறார். மணமகன் பெருஞ்செல்வன், மணமகளோ கடன்பட்டவள். கைத்தலம் பற்றியதும் அவள் கடன் அவனைச் சேர்கிறது; அவன் செல்வம் அவளைச் சேர்கிறது. தரகர் வேண்டாம், கட்டணம் வேண்டாம், காணிக்கை வேண்டாம்!

என்ன துணிவு! நம்பிக்கை கொண்டோர் அனைவரும் குருக்களே, அனைவரும் அரசர்களே என்கிறார். சீட்டு விற்றவர், நோன்பு விதித்தவர், வானுலகின் வாயிற்காப்போர் என்று வயிறு வளர்த்தவர் அத்தனை பேருக்கும் ஒரே வீச்சில் வேலை போய்விட்டது.

அப்படியானால் நற்செயல் எதற்கு? இங்கேதான் இரண்டாம் கூற்று வருகிறது. வீடுபேற்றுக்கு விலையாக நற்செயல் செய்யாதே. நல்ல மரம் கனி தருவது கூலிக்கா? அது அதன் இயல்பு. தனக்கென எதுவும் வேண்டாதவன், அயலானுக்குத் தன்னைத் தருகிறான். தருமாறு எவரும் கட்டளையிடவில்லை. தண்டனைக்கு அஞ்சியும் தரவில்லை. மனமுவந்து, மகிழ்ந்து, கைம்மாறு கருதாமல் தருகிறான். உள்ளே அவன் அரசன். அதனால்தான் வெளியே அவனால் தொண்டனாக முடிகிறது.

படித்து முடிக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டளைக்காகச் செய்யும் அறத்தைவிடக் கனிவினால் செய்யும் அறம் உயர்ந்தது என்பதை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு அழுத்தமாகக் கூறும் ஏடுகள் அரிது.

ஆனால், மூன்றாம் பத்தியிலே ஒரு முள் கிடக்கிறது. உடல் நலமாக, சிறைப்படாமல் இருப்பதால் ஆன்மாவுக்கு என்ன இலாபம், உடல் சிறைப்பட்டுப் பசியால் வாடினால் ஆன்மாவுக்கு என்ன நட்டம் என்ற கருத்தைப் போகிற போக்கிலே போட்டுவிட்டுச் செல்கிறார். படிப்பவர் கண்ணில் அந்த முள் படுவதில்லை. ஐந்து ஆண்டு கழிந்தபின் காலிலே குத்திற்று, குருதி கொட்டிற்று.

ஒரு சொல்லுக்கு மூன்று உடை

குருதிக் கதைக்குப் போகுமுன் ஒரு சொல்லாராய்ச்சி. இந்தக் கருத்தின் ஊற்று லூதரல்லர். அவருக்குச் சற்றேறக்குறைய 1,500 ஆண்டுகள் முந்திய பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலிலே, நான் எவருக்கும் உட்பட்டவனல்லன், ஆயினும் எல்லோருக்கும் என்னை அடிமையாக்கிக்கொண்டேன் என்ற கருத்தைச் சொன்னவர் அவர். கலாத்தியருக்கு எழுதியதிலே, மீண்டும் அடிமை நுகத்திலே கழுத்தைக் கொடுக்காதீர் என்று தொடங்கும் அதே அதிகாரத்திலே, அன்பினால் ஒருவருக்கொருவர் அடிமை செய்யுங்கள் என்றும் கூறுகிறார்.

அவர் கையாண்ட கிரேக்கச் சொல் 'தூலோஸ்'. சந்தையிலே விலைக்கு வாங்கிய அடிமையைக் குறிக்கும் சொல் அது. மழுப்பலுக்கு இடமில்லாத சொல். ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லுக்கு இடத்துக்கேற்ப உடை மாற்றினர். நம் தமிழ் வேதாகமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமருக்கு எழுதிய மடலின் தொடக்கத்திலே, பவுல் தம்மைப் பற்றிக் கூறும்போது அந்தச் சொல் 'ஊழியக்காரன்' ஆகிறது. எபேசியருக்கு எழுதிய மடலின் ஆறாம் அதிகாரத்திலே, எஜமானுக்குக் கீழ்ப்படியுமாறு புத்தி சொல்லும்போது, அது 'வேலைக்காரர்' ஆகிறது. கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்திலே, அடிமை என்றும் சுயாதீனன் என்றும் வேற்றுமை இல்லை எனும் இடத்திலேதான் அது 'அடிமை'யாகவே நிற்கிறது.

சொல் ஒன்று; உடை மூன்று. பெரியவர் அணிந்தால் ஊழியக்காரன் என்னும் பட்டு. ஏழை அணிந்தால் வேலைக்காரன் என்னும் கந்தல். தமிழிலே மட்டும் நடந்ததன்று இது. ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அடிமை பெரும்பாலும் பணியாளனாகவே மாறினான். மாறியதால் விளைந்ததென்ன? விரும்பினால் விலகிச் செல்லக்கூடிய கூலியாளுக்கும், விற்றால் கைமாறிச் செல்லவேண்டிய அடிமைக்கும் இடையே இருக்கும் மலையளவு வேற்றுமை, படிப்பவர் கண்ணுக்கு மறைந்துபோயிற்று.

பவுல் தாமும் அந்த மலையின் அடிவாரத்திலேதான் நின்றார். பிலேமோன் என்னும் ஆண்டையிடம் ஒநேசிமு என்னும் அடிமையைத் திருப்பி அனுப்பும்போது அவர் எழுதிய மடல், 25 வசனங்களே உடைய சிறு மடல். அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். கேட்கிறாரே தவிர, விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு என்று வெளிப்படையாகக் கூறவில்லை. கூறாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவிலே அடிமை வைத்திருந்தோரும் அடிமை ஒழிப்போரும் அதே 25 வசனங்களைத் தத்தம் பக்கம் இழுத்தனர். அருளாளர் ஒருவர் சொல்லாமல் விடும் சொல்லுக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்கள் ஏழைகள்.

மெம்மிங்கனில் எழுந்த குரல்

1525. தென் ஜெர்மனியிலே உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மார்ச்சுத் திங்களில் மெம்மிங்கன் நகரிலே அவர்களுடைய 12 கோரிக்கைகள் உருவாயின. அச்சேறிய இரண்டே திங்களில் 20-க்கு மேற்பட்ட பதிப்புகள் கண்ட ஏடு அது. எழுதியோருள் முதன்மையானவர் லோட்சர் என்னும் தோலாடை தைக்கும் தொழிலாளி.

என்ன கேட்டனர்? எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆற்று மீனும் காட்டு விறகும் எங்களுக்கும் உரியவை. பொது மேய்ச்சல் நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள். குடும்பத் தலைவன் இறந்தால், அழுதுகொண்டிருக்கும் கைம்பெண்ணிடமும் குழந்தைகளிடமும் சாவு வரி பிடுங்காதீர்கள். இவை போன்ற கோரிக்கைகளுக்கு நடுவே, மூன்றாவதாக நின்றது தலையாய கோரிக்கை. பண்ணையடிமையை ஜெர்மன் மொழியிலே 'உடலால் உடைமையானவன்' என்று பொருள்படும் சொல்லால் குறித்தனர். அந்த முறை ஒழிய வேண்டும் என்றனர் உழவர். காரணம்? ஆடு மேய்ப்பவனுக்காகவும் அரசனுக்காகவும் வேறுபாடின்றிக் கிறித்து குருதி சிந்தி மீட்டிருக்கிறார். மீட்கப்பட்டவனை இன்னொருவன் உடைமையென்று எப்படிச் சொல்லலாம்?

வெறியர்களின் கூச்சலா இது? அதிகாரமே வேண்டாம் என்றும் அவர்கள் கூறவில்லை. முறையான அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவோம் என்றனர். எங்கள் கோரிக்கை எதுவும் வேதத்துக்கு மாறானது என்று காட்டினால் கைவிடுவோம் என்றும் எழுதினர். லூதர் கற்றுக்கொடுத்த பாடத்தை, லூதரின் முறையிலேயே, லூதரிடமே ஒப்பித்தனர்!

ஆசிரியர் என்ன செய்தார்? நடுநிலையோடு பார்ப்போம். ஏப்ரலிலே அவர் எழுதிய அறிவுரையின் முற்பகுதி பிரபுக்களைத்தான் சாடுகிறது. இந்தக் கலகத்துக்கு நீங்களே காரணம், ஏழையைக் கசக்கிப் பிழிந்தீர்கள் என்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மூன்றாம் கோரிக்கைக்கு வந்ததும் குரல் மாறிவிட்டது. கிறித்தவ விடுதலையை உடலின் விடுதலையாக ஆக்கிவிட்டீர்களே என்று கடிந்தார். ஆபிரகாம் அடிமை வைத்திருக்கவில்லையா என்று கேட்டார். சிறையிலிருப்பவனும் நோயாளியும் கிறித்தவனாக இருக்க முடியுமென்றால், அடிமை ஏன் அடிமையாகவே இருந்துகொண்டு கிறித்தவனாக இருக்கக்கூடாது என்றார். மூன்றாம் பத்தியில் கிடந்த முள், இப்போது முழு உருவத்திலே எழுந்து நின்றது!

மே திங்களில் இன்னொரு ஏடு எழுதினார். கலகக்காரரை வெறிநாயைக் கொல்வதுபோலக் கொல்லலாம் என்று பிரபுக்களுக்கு அழைப்பு விடுத்த ஏடு. பிரபுக்களுக்கு அழைப்புத் தேவையாகவும் இருக்கவில்லை. மே 15-ஆம் நாள் பிராங்கன்ஹவுசன் களத்திலே உழவர் படை வெட்டி வீழ்த்தப்பட்டது. அந்தப் போர் முழுவதிலும் மாண்டோர் ஒரு இலட்சம் வரை இருக்கும் என்பர் வரலாற்றாசிரியர். வென்ற பிரபுக்களின் கொடுமையையும் லூதர் பின்னர்க் கண்டித்தார். ஆனால் கண்டனம் வந்தபோது, கேட்க வேண்டிய காதுகள் மண்ணுக்குள் போய்விட்டன.

லூதரை மறுக்கும் லூதர்

வாளைக் கண்டு அஞ்சிய மனிதன் பேச்சு மாறினான் என்று கூறிவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் லூதர் கோழையல்லர். 1521-இல் வோர்ம்ஸ் நகரப் பேரவையிலே பேரரசன் முன்னால் நின்று, எழுதியதைத் திரும்பப் பெற மறுத்தவர். பேச்சு மாறியவருமல்லர். 1520-இல் கூறியதைத்தான் 1525-இலும் கூறினார். கோளாறு ஆளிடத்திலே மட்டுமன்று. கருத்தின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

அதே 1525 டிசம்பரில், எராஸ்மஸ் என்னும் பேரறிஞருக்கு மறுப்பாக, மனித விருப்பம் சுதந்திரமற்றது என்று நிலைநாட்ட ஒரு பெருநூல் எழுதினார். மனித விருப்பம் சுமை விலங்கு போன்றது. கடவுள் ஏறினால் கடவுள் வழி, சாத்தான் ஏறினால் சாத்தான் வழி. ஏறுவது யார் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை விலங்குக்கு இல்லை! விடுதலை பாடிய அதே நாவினின்றுதான் இந்த உவமையும் வந்தது.

ஆயினும், லூதரை மறுக்க நாம் வெளியே சென்று சான்று தேட வேண்டியதில்லை. அவருடைய சின்னஞ்சிறு ஏடே போதும். தொண்டு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அந்த ஏடு வற்புறுத்துகிறது? கட்டாயமின்றி, அச்சமின்றி, மனமுவந்து செய்வதே தொண்டு. கட்டாயத்தால் செய்வது பயனற்றது என்கிறது. நன்று. பண்ணையடிமையிடம் போய்க் கேட்போம். ஐயா, பிரபுவின் வயலிலே நீ உழுகிறாயே, மனமுவந்தா? மறுத்தால் என்ன ஆகும்? சவுக்கு விழும். சவுக்குக்கு அஞ்சிச் செய்வது தொண்டாகுமா? ஆகாது, லூதரின் இலக்கணப்படியே ஆகாது!

தன் கை தனக்குச் சொந்தமில்லாதவன், அந்தக் கையை அயலானுக்கு எப்படித் தானமாகத் தருவான்? தன் பொழுது தனக்கில்லாதவன், எந்தப் பொழுதிலே அன்பு செய்வான்? கொடுப்பதற்கு முன் உடையவனாக இருக்க வேண்டும். ஆகவே, மனமுவந்த தொண்டு வேண்டுமென்றால், உடலின் உரிமை முன்னதாகவே வேண்டும். இரண்டாம் கூற்று உண்மையாக வேண்டுமானால், முதற்கூற்று தோலோடு நின்றுவிடக்கூடாது. தோள், கால், வயல், வீடு எல்லாவற்றுக்கும் எட்ட வேண்டும். லூதரின் ஏட்டைச் சரியாகப் படித்தவர்கள் மெம்மிங்கன் உழவர்களே. எழுதியவரைவிடப் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொள்வது இலக்கிய உலகிலே புதுமையன்று.

பரலோகத்துக்குப் போகும் வழியிலே எவனும் தரகனாக நிற்கக்கூடாது என்றவர், வயலுக்குப் போகும் வழியிலே பிரபு குறுக்கே நிற்கலாம் என்று ஒப்பினார். போப்பாண்டவரை நோக்கி, பணிவு பேசுகிறீரே, எங்கே அமர்ந்து பேசுகிறீர் என்று கேட்டவர், அதே கேள்வியைத் தம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ளவில்லை. முன்னர் நினைவிலே இருத்தச் சொன்னது இதற்காகத்தான்.

கத்தரித்த வேதமும் கரும்புத் தோட்டமும்

கடவுளுக்கு அடிமை என்னும் கருத்தே மனிதனை மனிதனுக்கு அடிமையாக்கும் சூழ்ச்சி என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரம் வேண்டாம். வரலாறு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது.

1807-ஆம் ஆண்டு இலண்டனிலே ஒரு வேதப் புத்தகம் அச்சாயிற்று; பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்கெனத் தேர்ந்தெடுத்த பகுதிகள். பழைய ஏற்பாட்டிலே பத்திலே ஒன்பது பங்கு காணோம். புதிய ஏற்பாட்டிலே ஏறக்குறைய பாதி காணோம். எகிப்திலிருந்து அடிமைகளை மோசே மீட்டு வந்த கதை இல்லை. அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை எனும் கலாத்தியர் வசனம் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனமோ பத்திரமாக இருக்கிறது! எந்தப் பக்கம் ஆபத்தானது என்பது கத்தரிக்கோல் பிடித்தவனுக்குத் தெரிந்திருந்தது. அஞ்சத் தகாததை எவனும் கத்தரிப்பதில்லை.

கத்தரித்தும் பயனில்லை. ஜமைக்காத் தீவிலே சாம் ஷார்ப் என்றோர் அடிமை, எழுத்தறிந்தவர், பாப்டிஸ்ட் சபையிலே உதவி ஊழியர். ஒருவன் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்னும் மத்தேயு சுவிசேஷக் கருத்தை எடுத்தார். கடவுளே என் எஜமான் என்றால், தோட்டக்காரன் எப்படி எஜமானாவான் என்று கேட்டார். 1831-ஆம் ஆண்டுக் கிறித்துமஸ் முடிந்ததும், கூலி தந்தாலன்றிக் கரும்பு வெட்டமாட்டோம் என்று வேலைநிறுத்தத்துக்குத் திட்டம் வகுத்தார். நிறுத்தம் கலகமாகித் தீவெங்கும் தீயாய்ப் பரவியது. 60,000 பேர் வரை கலந்துகொண்டனர் என்பர். 300-க்கு மேற்பட்டோர் தூக்கிலே தொங்கினர். 1832 மே 23-ஆம் நாள் ஷார்ப்பும் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே, 1833-இல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று.

காண்கிறீர்களா மாற்றத்தை? கடவுளுக்கு அடிமை, ஆகவே பிரபுவுக்கும் பணி என்றது ஒரு தருக்கம். கடவுளுக்கு அடிமை, ஆகவே வேறெவனுக்கும் அடிமையல்லன் என்றது இன்னொரு தருக்கம். நம் நாட்டிலும், பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணிய மறுத்தவர் என்று அப்பரைப் பற்றிச் சைவர் சொல்லும் வரலாற்றிலே ஒலிப்பது இந்த இரண்டாம் தருக்கமே. ஒரே இரும்பு, கொல்லன் உலையிலே விலங்காகவும் வார்க்கலாம், அரமாகவும் வார்க்கலாம்.

எது எப்போது வார்க்கப்படுகிறது என்பதற்கு அமெரிக்கக் கருப்பின மாமனிதர் பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாறு தெளிவான சான்று. அவருடைய எஜமானன், 1832 ஆகஸ்டில் ஒரு பக்திக் கூட்டத்திலே மனமாற்றம் பெற்றான். இனி இரக்கம் பிறக்கும் என்று எதிர்பார்த்தார் டக்ளஸ். பிறந்தது இரக்கமன்று, கொடுமைக்குப் புதிய துணை. ஊனமுற்ற இளம்பெண் ஒருத்தியைக் கட்டிவைத்துச் சவுக்காலடித்துக்கொண்டே, எஜமானின் சித்தம் அறிந்தும் செய்யாத ஊழியக்காரன் அடிபடுவான் என்னும் வேத வசனத்தை ஓதினான் அவன்! டக்ளஸ் அதற்காகக் கிறித்துவைத் தள்ளிவிடவில்லை. தம் நூலின் பிற்சேர்க்கையிலே, இந்நாட்டுக் கிறித்தவம் வேறு, கிறித்துவின் கிறித்தவம் வேறு, ஒன்றை நேசிப்பவன் மற்றதை வெறுத்தே ஆகவேண்டும் என்ற கருத்தை நிறுவினார்.

நம் வாயிலிலும்

இது கடல் கடந்த கதைதானே என்று எண்ண வேண்டாம். லூதர் வழிவந்த சீகன்பால்கு தரங்கம்பாடியிலே கரையிறங்கியது 1706-ஆம் ஆண்டு. தமிழிலே புதிய ஏற்பாடு அச்சானது 1715-இல். அச்சுத் தந்ததற்கு நாம் நன்றி கூறுவோம், கூறத்தான் வேண்டும். ஆனால் உள் வேறு, புறம் வேறு என்னும் பிரிவினையும் அதே கப்பலில் வந்து இறங்கிற்று. கோவிலுக்குள்ளே சாதிக்கோர் இடம் என்றாயிற்று. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபையிலே சாதி கூடாது என்று கட்டளையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினர். அவர்கள் தரப்பின் வாதம் என்ன? சாதி உலக வழக்கு, மதத்தைச் சேர்ந்ததன்று. ஆன்மாவிலே நாங்கள் சமம், அமரும் இடத்திலே மட்டும் வேறு! பின்னர் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனும் அந்த வாதத்துக்கு ஓரளவு இடம் கொடுத்தது. மூன்றாம் பத்தி முள் மெம்மிங்கனிலிருந்து வேப்பேரி வரை எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது, பாருங்கள்!

நம்பிக்கையாளரின் நம்பிக்கையைப் பறிப்பது நம் நோக்கமன்று. அந்த நம்பிக்கையே அளிக்கும் அளவுகோலைக் கொண்டு அளந்து பார்க்கிறோம். பணிவு உயர்ந்த பண்பு, ஐயமில்லை. ஆனால் மேலே இருப்பவன் தானே இறங்கி வந்து பணிந்தால், அது பண்பு. கீழே இருப்பவனைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குனி, ஆன்மாவுக்கு நல்லது என்று மேலே இருப்பவன் உபதேசித்தால், அது வேறு. கிறித்து தெய்வ நிலையை விட்டு அடிமைக் கோலம் பூண்டார் என்பதே பவுல் பிலிப்பியருக்குக் காட்டிய உயர்ந்த சித்திரம். இறங்கியவர் மேலேயிருந்தவர் என்பதை மறந்துவிட்டு, ஏற்கெனவே தரையிலே கிடப்பவனுக்கு அந்தச் சித்திரத்தைக் காட்டுவது எந்த வகையில் நியாயம்?

ஆகவே, தொண்டைப் பற்றி யார் பேசினாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேசுகிறவன் எங்கே நிற்கிறான்? தொண்டு செய்ய மறுக்கும் உரிமை கேட்பவனுக்கு உண்டா? அந்தத் தொண்டின் பயன் யார் களஞ்சியத்தில் போய்ச் சேருகிறது? மூன்றுக்கும் நேரிய விடை கிடைத்தால், அது தொண்டு. கிடைக்காவிட்டால், எந்தத் திருநூலின் அட்டை போர்த்தியிருந்தாலும் அது விலங்கே.

'விடுதலை பெற்றவன்' என்று கையொப்பமிட்டு, அடுத்தாற்போல் 'அடிமை' என்றும் எழுதிய அந்தத் துறவி, தம் பெயரை எழுதியதால்தான் அந்த வரிக்கு அழகு வந்தது. தாமே எழுதினார், தம்மைப் பற்றி எழுதினார். மெம்மிங்கன் உழவனுக்காகவும் அவரே எழுதத் துணிந்தபோது, அழகு போயிற்று, அநீதி புகுந்தது. அடிமை என்னும் சொல்லை ஒருவன் தன் பெயருக்குப் பின்னால், தன் கையாலே எழுதிக்கொள்ளட்டும். பிறன் பெயருக்குப் பின்னால் எழுத, அரசனுக்கோ, ஆண்டைக்கோ, அருளாளனுக்கோ, எவனுக்கும் உரிமையில்லை!